கரையை உயர்த்தாதீர்கள், கலங்கலை அகலப்படுத்துங்கள்

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்துச் செம்மண் மேடுகளிலும், புதுச்சேரிக்கு வடக்கே காலாப்பட்டை ஒட்டிய மேட்டிலும் பட்டா நிலத்துக்குள்ளேயே சின்னச் சின்ன மண் அணைகள் கிடக்கின்றன. முந்திரித் தோப்புக்கு நடுவே ஓடும் பள்ளத்தை யாரோ ஒரு தாத்தா காலத்தில் மறித்திருப்பார்கள். 8 அடி, 10 அடி, மிஞ்சிப்போனால் 15 அடி உயரம். நிலத்துக்காரர் அதைக் குளம் என்பார், குட்டை என்பார். அணை என்று சொன்னால் சிரிப்பார். ஆனால் பள்ளத்தின் குறுக்கே மண்ணைக் குவித்துத் தண்ணீரைத் தேக்கினால் அது அணைதான். உடைந்தால் கீழே இருப்பவனுக்கு அதன் பெயர் முக்கியமில்லை.

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10 மீட்டருக்கு மேல் போய் நீளத்திலோ கொள்ளளவிலோ பெரியதாக இருப்பவற்றுக்கும்தான். பத்தடிக் கரை அதன் பார்வைக்குள்ளேயே வராது. மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை பொறியாளர் வந்து பார்க்க வேண்டும் என்கிற விதியும் அந்தப் பெரிய அணைகளுக்குத்தான். நம் கரையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்த்துக்கொள்வது என்றால் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றே ஒன்று. கோடையில் ஜேசிபி வைத்துத் தூர் வாரி, அள்ளிய மண்ணைக் கரை மேல் கொட்டி, "கரையை ரெண்டு அடி தூக்கியாச்சு" என்று நிம்மதியாகிவிடுவது. கரைக்குச் செய்யக்கூடிய கெடுதல்களில் இது முதல் வரிசையில் நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 அடி உயரக் கரை, மேல் அகலம் 8 அடி, இருபக்கச் சரிவும் ஓரடி உயரத்துக்கு இரண்டடி என்று வைத்தால் அடி அகலம் 48 அடி. அதே அடி அகலத்தில், அதே சரிவில் இரண்டடி உயர்த்தினால் மேல் அகலம் பூஜ்யம், கூரை முகடு மாதிரி ஆகிவிடும். யாரும் அப்படி விடமாட்டார்கள். எனவே சரிவைச் செங்குத்தாக்கி மண்ணை நிறுத்துவார்கள். அந்த மண் நனைந்த முதல் மழையிலேயே சரியும், சரியும்போது பழைய கரையிலிருந்தும் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு போகும். ஒழுங்காக உயர்த்த வேண்டுமென்றால் அடி அகலம் 56 அடியாக வேண்டும். கரையின் ஒவ்வொரு அடி நீளத்துக்கும் 104 கன அடி, அதாவது ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலேயே இறுகிய மண் தேவை. 200 அடி நீளக் கரைக்கு 200 யூனிட்டுக்கு மேல். லூஸ் மண்ணாக வாங்கினால் இன்னும் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். அதையும் வெளிச்சரிவில் படிபடியாக வெட்டி, ஆறு ஆறு அங்குலமாகப் போட்டு, நனைத்து, ரோலர் விட்டு இறுக்க வேண்டும். இத்தனை செலவு செய்யத் தயார் என்றால் அந்தப் பணத்தில் பாதியைக் கலங்கலில், அதாவது குட்டை நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் வாயில் போடுங்கள். கரை அதிக காலம் நிற்கும்.

ஏன் கலங்கல்? மண் கரை தண்ணீரின் அழுத்தத்தால் அப்படியே தள்ளப்பட்டு விழுவது அபூர்வம். மேலே வழிந்து அரிபடும், இல்லையென்றால் உள்ளே குழாய் மாதிரி துளைபட்டுப் போகும். பழைய சின்ன அணைகள் போவது அநேகமாக இந்த இரண்டு வழியில்தான். மேலே வழிவதைத் தடுப்பது கலங்கல். உள்ளே துளைபடும் இடம் அநேகமாக மதகுக் குழாய்.

முதலில் கலங்கல். 2024 நவம்பர் 30-க்கும் டிசம்பர் 1-க்கும் இடையே ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. நம் குட்டைக்குத் தண்ணீர் வந்து சேரும் நிலம் 40 ஏக்கர், அதாவது 16 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய மழையில் பாதி ஓடி வந்தாலும் 36,000 கன மீட்டர். ஒரு ஏக்கர் பரப்பில் சராசரி ஆறடி ஆழமுள்ள குட்டையின் கொள்ளளவு ஏறக்குறைய 7,400 கன மீட்டர்தான். கிட்டத்தட்ட ஐந்து தடவை நிரம்பி வழிய வேண்டிய தண்ணீர் ஒரே நாளில் வருகிறது. இதைத் தேக்கிச் சமாளிக்க முடியாது, வெளியேற்றியே ஆக வேண்டும்.

வேகம் எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு உண்டு. வழிந்தோடும் பங்கை மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்கிற மழையால் பெருக்கி, ஹெக்டேரால் பெருக்கி, 360-ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். முந்திரிக் காடு சாதாரணமாகப் பாதிக்கும் கீழேதான் ஓடவிடும். ஆனால் இரண்டு நாள் நனைந்த செம்மண்ணில் பாதி ஓடும் என்றே வைக்க வேண்டும். மணிக்கு 100 மி.மீ. மழை என்றால், 0.5 × 100 × 16 ÷ 360 = 2.2 கன மீட்டர்.

கலங்கல் வழியாக எவ்வளவு போகும்? அகன்ற மேற்பரப்புள்ள கலங்கலுக்கு 1.7-ஐ நீளத்தால் பெருக்கி, அதன் மேல் ஓடும் தண்ணீரின் உயரத்தை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தி (உயரத்தை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கி) அதாலும் பெருக்குங்கள். எல்லாம் மீட்டரில். ஆறடிக் கலங்கலில் 2.2 கன மீட்டர் போக வேண்டுமென்றால் தண்ணீர் 80 சென்டிமீட்டர், அதாவது இரண்டடி ஏழு அங்குலம் உயரத்துக்கு ஏறி ஓட வேண்டும். கலங்கலுக்கும் கரை மேலுக்கும் மூன்றடி வித்தியாசம் என்றால் மிச்சம் ஐந்து அங்குலம். காற்றில் அலை அடித்தாலே அது போய்விடும். கலங்கலைப் பத்தடியாக்கினால் அதே தண்ணீர் ஓரடி பத்து அங்குலத்தில் போய்விடுகிறது. கரையைத் தொடாமலே நமக்கு ஒன்பது அங்குலம் கிடைத்துவிட்டது.

இப்போது மீன் வலை. குட்டையில் மீன் விட்டவர்கள் மழைக்காலத்தில் கலங்கலுக்குக் குறுக்கே வலை கட்டுகிறார்கள். முந்திரிச் சருகும் ஆகாயத்தாமரையும் வந்து அப்பினால் ஆறடிக் கலங்கலில் நான்கடிதான் வேலை செய்யும். அப்போது அதே தண்ணீருக்கு மூன்றடி ஐந்து அங்குலம் உயரம் வேண்டும். கலங்கலுக்கு மேல் கரை மூன்றடிதான். ஐந்து அங்குலம் கரை மேல் ஓடும். மீன் போகக்கூடாது என்றால் கலங்கலுக்குப் பத்தடி முன்னால், குட்டைக்குள்ளேயே, கலங்கலைப் போல் நான்கு மடங்கு நீளத்தில் அரைவட்டமாகக் கம்பி வேலி போடுங்கள். பாதி அடைத்தாலும் வழி இருக்கும். அதுவும் முடியாவிட்டால் ஐப்பசி பிறக்கும்போது வலையை அவிழ்த்துவிடுங்கள். மீனா கரையா என்றால் கரைதான்.

கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்கி, பலகை சொருகித் தண்ணீரை ஓரடி ஏற்றுவது இன்னொரு பழக்கம். மார்கழி கடைசியில், மழை ஓய்ந்தபின் செய்தால் புரிந்துகொள்ளலாம். ஐப்பசியில் செய்பவர்களை என்ன சொல்வது? ஹவாயில் கவாய் தீவில் 1890 வாக்கில் கட்டிய ஒரு தனியார் மண் அணை 2006 மார்ச் 14 அன்று உடைந்து ஏழு பேர் செத்தார்கள். விசாரணையில் பார்த்தால் அதன் வழிந்தோடியே காணோம், மண் மூடிக் கிடந்தது.

கலங்கலை அகலப்படுத்த கரையை வெட்ட வேண்டாம். கரை முடிந்து இயற்கையான மேட்டு நிலம் தொடங்கும் பக்கமாக வெட்டுங்கள். கொட்டிய மண்ணில் ஒருபோதும் கலங்கல் வைக்கக்கூடாது. இடம் இருந்தால் இன்னும் சுலபமான வழி, பெரிய மழைக்கென்று தனியாக ஒரு புல் வாய்க்கால். பழைய கலங்கலை விட முக்கால் அடி உயரத்தில், 20 அடி அகலத்தில், ஏறக்குறைய சமமட்டமாக, இயற்கை நிலத்தில் வெட்டி அருகம்புல் பிடிக்க விடுவது. வருஷத்துக்கு ஒரு தடவைகூட அதில் தண்ணீர் போகாமல் இருக்கலாம். ஆகவே அங்கே வைக்கோல் போர் போடவும் டிராக்டர் நிறுத்தவும் ஆரம்பிப்பார்கள். அதைத் தடுப்பதும் பராமரிப்பில் சேர்த்தி.

கலங்கலுக்குக் கீழே தண்ணீர் விழும் இடத்தை மறந்துவிடாதீர்கள். விழும் உயரத்தைப் போல் மூன்று மடங்கு நீளத்துக்காவது கல் தளம் வேண்டும், அதன் கடைசியில் மூன்றடி ஆழத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் இறங்க வேண்டும். இல்லையென்றால் செம்மண் கீழிருந்து அரித்து, பின்னோக்கி ஏறி, ஒரு நாள் கலங்கலையே கவிழ்த்துவிடும். பக்கச் சுவரும் மண்ணும் சேரும் இடத்தில் கடப்பாறையைக் குத்திப் பாருங்கள். பொசுக்கென்று இறங்கினால் உள்ளே பொந்து.

கரையின் மட்டத்தையும் பார்க்க வேண்டும். சராசரி உயரத்தால் பிரயோஜனமில்லை, மிகத் தாழ்ந்த இடம்தான் கரையின் உயரம். மாடு ஏறி இறங்கும் தடமும் டிராக்டர் கடக்கும் இடமும் அரையடி பள்ளமாகவே இருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணி டியூப் போதும். கலங்கல் மட்டத்தை அடிப்படையாக வைத்து 25 அடிக்கு ஒரு தடவை அளந்து எழுதிவிடலாம், அரை நாள் வேலை. தாழ்ந்த இடத்தை மட்டும் நிரப்பிச் சமப்படுத்துவது கரையை உயர்த்துவது ஆகாது. அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

அடுத்தது மதகுக் குழாய். பழைய கரைகளில் செங்கல், சுண்ணாம்புக் கட்டுமானத்தில் மதகு இருக்கும். பின்னால் வந்தவர்கள் ஹியூம் பைப் போட்டிருப்பார்கள். அதற்கும் பின்னால் வந்தவர்கள் ஜேசிபியால் செங்குத்தாக ஒரு பள்ளம் தோண்டி, பிவிசி குழாயைப் போட்டு, அள்ளிய மண்ணையே மேலே தள்ளி மூடியிருப்பார்கள். மூன்றிலும் ஆபத்து ஒன்றுதான். தண்ணீர் குழாய்க்குள் போகாமல் குழாய்க்கு வெளியே, மண்ணுக்கும் குழாய்க்கும் நடுவே போக ஆரம்பிக்கும். உருண்டைக் குழாயின் அடிவயிற்றுக்குக் கீழே மண்ணை இறுக்கவே முடியாது. அந்தச் சந்துதான் வழி. செங்குத்துப் பள்ளத்தில் இன்னொரு கேடும் உண்டு. உள்ளே போட்ட மண் தாழும்போது இரண்டு பக்கச் சுவரிலும் தொங்கிக்கொண்டு நடுவே வெடிப்பு விடும்.

அறிகுறிகள் தெளிவாகவே தெரியும். வெளிப்பக்கம் குழாய் வாயைச் சுற்றி எப்போதும் ஈரம் இருக்கும். அடைப்பானை இறுக்கி மூடியும் வெளியே தண்ணீர் கசியும். எல்லாவற்றையும் விடக் கவலைப்பட வேண்டியது, குழாய் போகும் கோட்டுக்கு நேர் மேலே கரையில் சட்டி அளவுக்குக் குழி விழுவது. அதில் மண் போட்டு மூடிவிட்டுப் போவது வழக்கம். உள்ளேயிருந்து அவ்வளவு மண் எங்கே போயிற்று என்று கேட்பதுதான் சரி.

அடைப்பான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வசதிக்காக வெளிப்பக்கத்தில் வால்வு வைத்துவிட்டால் கரைக்குள் இருக்கும் முழுக் குழாயும் வருஷம் பூராவும் அழுத்தத்தில் நிற்கும். ஒரு ஜாயிண்ட் விட்டாலும் தண்ணீர் நேராகக் கரையின் வயிற்றில் பீய்ச்சும். அடைப்பான் குட்டைப் பக்கம்தான் இருக்க வேண்டும்.

சரிசெய்ய மூன்று வழி. குழாய் நேராக, நசுங்காமல் இருந்தால் அதற்குள் சிறிய எச்டிபிஇ குழாயைச் செருகி, இடைவெளியை சிமெண்ட் பாலால் நிரப்பலாம். இது உள்ளே ஒழுகுவதை நிறுத்தும், வெளியே ஓடுவதை நிறுத்தாது. இரண்டாவது, வறண்ட காலத்தில் கரையைத் திறந்து மாற்றுவது. வெட்டும் பக்கங்களைச் செங்குத்தாக விடாமல் ஓரடிக்கு இரண்டடியாகச் சாய்த்து வெட்ட வேண்டும். அப்போதுதான் புது மண் பழைய மண்ணோடு பிடிக்கும். குழாயை நாலாபுறமும் கான்கிரீட் தொட்டிலில் பதித்து, கான்கிரீட்டின் பக்கங்களைச் சற்று உள்சாய்வாக விடுங்கள், மண் அதன் மேல் இறுகி உட்காரும். முன்பெல்லாம் குழாயின் நடுநடுவே கான்கிரீட் வளையம் போடச் சொல்வார்கள். வளையத்தைச் சுற்றி மண்ணை இறுக்க முடியாததால் அந்த முறையை இப்போது கைவிட்டுவிட்டார்கள். அதற்குப் பதில் குழாயின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில், குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்றடி அகலத்துக்குச் சுத்தமான மணல் திரை போட்டு, அதிலிருந்து கரையடிக்கு ஒரு வடிகால் விடுவதுதான் நடைமுறை. தண்ணீர் வந்தாலும் மண்ணைக் கொண்டுபோக விடாது.

எங்கள் தேர்வு மூன்றாவது. பழைய குழாயை முழுதாக சிமெண்ட் கலவையால் அடைத்துவிட்டு, கரை மேலே தாண்டிப் போகும் சைபன் குழாய்க்கு மாறுவது. சின்னக் குட்டைக்குக் கரையில் ஓட்டையே வேண்டியதில்லை. 110 மி.மீ. பிவிசியில் ஒரு சைபன், இரண்டு மீட்டர் மட்ட வித்தியாசத்தில், வினாடிக்கு 20 லிட்டர் கொடுக்கும். இரு முனையிலும் வால்வு, உச்சியில் தண்ணீர் ஊற்ற ஒரு டீ, அதாவது மூன்று வாய் இணைப்பு. ஊற்றி நிரப்பி, டீயை இறுக மூடிவிட்டு இரண்டு வால்வையும் திறந்தால் போதும். காற்று உறிஞ்சும் ஜாயிண்ட் இருந்தால் நின்றுபோகும், ஆகவே உச்சிப் பகுதியில் ரப்பர் வளைய ஜாயிண்ட் வேண்டாம், பசை ஜாயிண்ட் போடுங்கள்.

கசிவுக்கு வருவோம். மண் கரை கசியும், அது குற்றமில்லை. எவ்வளவு, எந்த நிறத்தில், போன வருஷத்தை விடக் கூடுதலா என்பதுதான் கேள்வி. ஈரமான இடத்தில் எல்லாம் சவுக்குக் குச்சி அடித்து எண் எழுதுங்கள். பத்து லிட்டர் பக்கெட்டைப் பிடித்து எத்தனை வினாடியில் நிறைகிறது என்று குறியுங்கள். பக்கத்திலேயே அன்றைய குட்டை மட்டம். கருங்கல் தூணில் பெயிண்ட்டால் அடிக்கணக்கு எழுதி உள்ளே நட்டுவிட்டால் மட்டம் பார்ப்பது சுலபம். கசிவு ஓடையாகச் சேர்ந்தால் தகரத்தில் 90 டிகிரி வி வெட்டு வெட்டி நிறுத்தலாம். வெட்டின் அடிமுனைக்கு மேல் தண்ணீர் 3 செ.மீ. நின்றால் நிமிடத்துக்கு 13 லிட்டர், 5 செ.மீ. நின்றால் 46 லிட்டர். குட்டை மட்டம் அதேதான், கசிவு மட்டும் ஏறுகிறது என்றால் உள்ளே வழி அகலமாகிறது என்று அர்த்தம்.

செம்மண் பகுதியில் நிறத்தைப் பார்த்து ஏமாறுவது சகஜம். நம் மண்ணில் இரும்பு அதிகம். தெளிந்த கசிவு வெளியே வந்து காற்றுப்பட்டதும் ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று படிவு விடும். அது இரும்பில் வாழும் பாக்டீரியா, கரை மண் இல்லை. விரலில் தேய்த்தால் வழவழவென்று கரைந்துவிடும். நறநறவென்று இருந்தால் மண். சந்தேகம் வந்தால் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மணலோ வண்டலோ படிந்தால் அன்றைக்கே மட்டத்தைக் குறைக்க வேண்டும்.

வெளிப்பக்கக் கசிவை சிமெண்ட் பூசியோ களிமண் அப்பியோ அடைக்கக்கூடாது. தண்ணீர் அங்கே நின்றுபோய்க் கரைக்குள் மேலே ஏறும், நாளைக்கு அதற்கும் மேலே உடைத்துக்கொண்டு வரும். தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது. அதற்குத்தான் தலைகீழ் வடிகட்டி. ஈர இடத்தைப் புல் நீக்கிச் சுத்தம் செய்து, ஈரத்துக்கு வெளியே மூன்றடி தாண்டும்படி முதலில் ஆறு அங்குலம் கழுவிய கான்கிரீட் மணல், மேலே ஆறு அங்குலம் சிப்ஸ் எனும் பொடி ஜல்லி, அதற்கும் மேல் ஓரடி 40 மி.மீ. ஜல்லி. வரிசை மாறினால் வேலை செய்யாது. மண்ணின் மேல் நேராக ஜல்லியைக் கொட்டினால் மண் ஜல்லிச் சந்து வழியே போய்க்கொண்டே இருக்கும். கழுவாத எம்-சாண்டில் தூள் அதிகம், அடைத்துக்கொள்ளும்.

பொந்துகளைப் பற்றி. 2019 ஜூலையில் மகாராஷ்டிராவில் ரத்னகிரி மாவட்டத்துத் திவரே அணை உடைந்தபோது ஓர் அமைச்சர் நண்டுகள்தான் காரணம் என்று சொல்லி ஊர் சிரித்தது. நண்டு கரையைத் துளைக்கும் என்பது உண்மைதான். ஆனால் நண்டு வளையைப் பார்த்து அடைக்க ஆள் வைக்காதது நண்டின் குற்றமில்லையே. கசிவைப் பற்றி ஊர்க்காரர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். நண்டு, பெருச்சாளி வளைகளை வாயில் மட்டும் மூடுவது வீண். வளை வாயில் ஒரு குழாயை நிமிர்த்தி வைத்து, ஒன்பது பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சிமெண்ட் கலந்த கூழை ஊற்றிக்கொண்டே இருங்கள், குழாயில் நிற்கும் வரை. கரையான் புற்றை மட்டும் வேரோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும், உள்ளே அறை அறையாக வெற்றிடம்.

மரம் விஷயத்தில் சண்டை வரும். வேம்பு நிழல் தருகிறது, சீமைக் கருவேலம் கரையைப் பிடிக்கிறது என்பார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தில் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கரையில் நிற்கும் மரம் சாயும்போது வேர்த்தட்டோடு கரையிலிருந்து ஒரு வண்டி மண் போகும். அதுவும் சரியாக வெள்ளம் வரும் இரவில். சாயாவிட்டாலும் செத்த வேர் மக்கிக் குழாயாகும். அடித்தண்டு நாலு அங்குல விட்டத்துக்குக் குறைந்த கன்றுகளை இப்போதே வேரோடு பிடுங்குங்கள். பெரிய மரத்தை வெட்டி அடிக்கட்டையை அப்படியே விடாதீர்கள். குட்டை வற்றியிருக்கும்போது வேர்க்கட்டையைத் தோண்டி எடுத்து, குழியைச் சாய்வாக விரித்து, ஆறு ஆறு அங்குலமாக மண் போட்டு இடிக்க வேண்டும். பல பெரிய மரங்கள் இருந்தால் ஒரே வருஷத்தில் வேண்டாம். பழைய பனைகளை நாங்கள் தொடச் சொல்வதில்லை, புதிதாகக் கரையில் பனை நடவும் சொல்வதில்லை.

கரைக்குப் புல்தான் உடை. வெளிச்சரிவுக்கு வெட்டிவேர் நமக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, கடலூர்க் கடலோரத்தில் அதைப் பயிராகவே வைக்கிறார்கள். தூர்களைச் சரிவுக்குக் குறுக்காக, சம மட்டத்தில், அரையடிக்கு ஒன்றாக நட்டு, மூன்றடி உயரத்துக்கு ஒரு வரிசை போடுங்கள். புரட்டாசியில் நட்டால் கார்த்திகைக்குள் பிடித்துக்கொள்ளும். ஒரே நிபந்தனை, கரையில் உள்ளதை வேருக்காகத் தோண்டக்கூடாது. விலை ஏறும் வருஷத்தில் இதை எழுதி ஒட்டி வைக்க வேண்டியிருக்கும். உட்சரிவில் அலை அடிக்கும் மட்டத்தில் ஓரடிக் கல் பதிப்பும், கல்லுக்கு அடியில் ஆறு அங்குலம் கிராவலும் வேண்டும். அடியில் எதுவும் இல்லாமல் கல்லை மட்டும் பதித்தால் அலை சந்து வழியே மண்ணை உறிஞ்சிவிடும், கல் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கும்.

தூர் வாருவதை எதிர்க்கவில்லை. எங்கே வாருகிறோம் என்பதுதான். கரை ஓரமாக ஜேசிபி நிற்க வசதி என்று கரையடியிலேயே ஆழமாகத் தோண்டுகிறார்கள். பல வருஷமாகப் படிந்த வண்டல்தான் அங்கே கசிவைத் தடுக்கும் பாய். அதைக் கிழித்தால் கரைக்கு அடியில் தண்ணீர் போகும். கரை உயரத்தைப் போல் ஐந்து மடங்கு தூரம், பத்தடிக் கரைக்கு ஐம்பதடி விட்டுத்தான் தோண்ட வேண்டும். மண்ணை வெளியே ஏற்றிப்போவதென்றால் சொந்த நிலமானாலும் கனிமவளத் துறை அனுமதி வேண்டும்.

கரை வேலைக்குக் காலம் ஆடி, ஆவணி. சித்திரையில் செம்மண் மாவு மாதிரி பறக்கும், ரோலர் விட்டாலும் இறுகாது, டேங்கர் தண்ணீர்ச் செலவும் ஏறும். ஆடி இடிமழைக்குப் பின் மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், கீழே போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடையும். அந்த ஈரம்தான் வேண்டும். அப்பளமாக நசுங்கினால் ஈரம் அதிகம், இரண்டு நாள் காயவிடுங்கள்.

இத்தனையும் செய்தும் ஒரு இரவு நிலைமை கைமீறலாம். வெளிக்கரையடியில் மண்ணோடு ஊற்று கொப்புளித்தால் அதன் மேல் மூட்டை போட்டு அமுக்காதீர்கள். சுற்றி நான்கடி விட்டத்துக்கு மணல் மூட்டையால் கிணறு மாதிரி கட்டி உயர்த்துங்கள், வருகிற தண்ணீர் தெளியும் வரை. தெளிந்ததும் ஒரு குழாய் வைத்து வழியவிடுங்கள். மூட்டையை மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும், முழுதாக நிரப்பினால் ஒன்றோடொன்று ஒட்டி உட்காராது. குட்டைக்குள் சுழி தெரிந்தால் தண்ணீர் நுழையும் வாய் அதுதான். தார்ப்பாயையும் மூட்டையையும் அங்கே இறக்குங்கள். யாரும் இறங்கி நிற்க வேண்டாம்.

மட்டத்தைக் குறைக்க சைபன்தான் கை கொடுக்கும். ஒரு ஏக்கர் குட்டையில் ஓரடி குறைக்க 1,200 கன மீட்டருக்கு மேல் போக வேண்டும். ஒரு 110 மி.மீ. சைபனுக்கு 17 மணி நேரம், நான்கு போட்டால் 4 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். உள்ளே தண்ணீர் வந்துகொண்டிருந்தால் இன்னும் கூடும். ஆகவே குழாய்களைப் புரட்டாசியிலேயே வெட்டித் தயாராக வையுங்கள். சாதாரண நாளில் ஒரு நாளைக்கு ஓரடிக்கு மேல் குறைக்க வேண்டாம், ஊறிய உட்சரிவு தாங்கலை இழந்து சரிந்துவிடும். அவசரத்தில் அந்த விதியைப் பார்க்க முடியாது. தண்ணீரை விடுவதற்குக் கரையை வெட்டுவது மட்டும் எந்த அவசரத்திலும் கூடாது. மண்வெட்டி அகல வெட்டு சீக்கிரமே லாரி அகலமாகிவிடும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் கலங்கலுக்கு அப்புறம் இயற்கை நிலத்தில் வெட்டுங்கள்.

அதற்கு முன்பே கீழ்ப்பக்கம் பள்ளத்தோடு ஒரு கிலோமீட்டர் நடந்து பார்த்திருக்க வேண்டும். எந்த வீடு தாழ்வில் இருக்கிறது, எந்தச் சாலைப் பாலம் குறுகல், மோட்டார் கொட்டகையில் யார் படுக்கிறார்கள் என்று எழுதி, போன் எண்களோடு வைத்திருங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் 1077. கரை போகுமா என்று தெரியாத நேரத்திலேயே கூப்பிட வேண்டும், போனபின் அல்ல.

பதிவேடு வைப்பதைச் சோம்பலாக நினைப்பவர்களுக்கு ஒரு பழைய வழக்கு. கார்வேட்டிநகரம் ஜமீனின் இரண்டு ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில் பாலங்களை அடித்துக்கொண்டு போக, மெட்ராஸ் ரயில்வே கம்பெனி நஷ்டஈடு கேட்டது. 1874-இல், அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் ஜமீனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஏரியைக் காப்பது இந்த நாட்டில் ஜமீனின் கடமை, அலட்சியம் இருந்தால்தான் பொறுப்பு, இங்கே அலட்சியம் இல்லை என்பது காரணம். அலட்சியம் இல்லை என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? 200 பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, குட்டை மட்டம், ஒவ்வொரு சவுக்குக் குச்சியிலும் கசிவு எத்தனை லிட்டர், கசிவு தெளிவா மண் கலந்ததா, கலங்கல் சுத்தமா, கரையில் புதிதாகக் குழியோ வெடிப்போ உண்டா, அடைத்த வளைகள் எங்கே, வேலை பார்த்த ஆள் யார், ரசீது எண். கோடையில் மாதம் ஒரு தடவை, ஐப்பசி முதல் மார்கழி வரை வாரம் ஒரு தடவை, 10 செ.மீ.க்கு மேல் மழை பெய்த மறுநாள் காலையில் கட்டாயம். வெடிப்பின் இரு முனையிலும் ஆணி அடித்து, பக்கத்தில் அளவு நாடாவை வைத்து செல்போனில் ஒரு படம், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்று.